பழைய இத்தாலியக் காரில் பந்தயம் ஓட ஆசையா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

அறுபதுகளில் செய்த ஒரு ஆல்ஃபா ரோமியோவோ லான்சியாவோ கண்ணில் பட்டுவிட்டது, விலையும் எப்படியோ சமாளிக்கலாம் போல இருக்கிறது, அதை வைத்துப் பழைய கார்களுக்கான பந்தயங்களில் ஓட வேண்டும் என்று ஆசை. சரி. இந்த ஆசையோடு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது 1965-ஆம் வருஷத்துக் கார், சேர்த்துக்கொள்வார்களா?" வருஷத்தை மட்டும் வைத்து அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

விதிகள் கேட்கிற கேள்வி வேறு. இன்று உங்கள் முன்னால் நிற்கிற இதே உருவத்தில், இதே இன்ஜினும் இதே பிரேக்கும் இதே சக்கர அகலமுமாக, இந்த மாடல் அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்டிருந்ததா, அதைக் காட்டக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் அது. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ, பழைய பந்தயக் கார்களுக்கென்று வைத்திருக்கும் விதித் தொகுப்புக்கு அப்பெண்டிக்ஸ் கே என்று பெயர். ஒரு காருக்கு எந்தக் காலம் என்பது அது தொழிற்சாலையை விட்டு வந்த தேதியால் அல்ல, அது இப்போது தாங்கியிருக்கும் அமைப்பால்தான் முடிவாகும் என்பது அதன் அடிப்படை. 1965-இல் பிறந்த ஆல்ஃபா ஜூலியா ஸ்ப்ரிண்ட் ஜிடியில் எழுபதுகளின் 2000 சிசி இன்ஜினைத் தூக்கி வைத்தால், பந்தயத்தைப் பொறுத்தவரை அது 1965-ஆம் வருஷத்துக் கார் இல்லை. 1971-இன் கார் என்றும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒரு காரை ஆல்ஃபா ஒருபோதும் செய்யவில்லை. எந்த வகுப்பிலும் சேராமல் நடுவில் நின்றுவிடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதனால் நான் சொல்லும் வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் பந்தயம், அப்புறம் காலம், அப்புறம் அந்த மாடலின் அன்றைய அனுமதிப் படிவம், கடைசியில்தான் கார். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள்

"விண்டேஜ் ரேஸிங்" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல உலகங்கள் இருக்கின்றன.

இத்தாலியக் கார் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது மில்லே மிலியா. பிரேஷியாவில் புறப்பட்டு ரோம் வரை போய்த் திரும்பும் அந்தப் பந்தயம் 1927-க்கும் 1957-க்கும் நடுவில் 24 முறை நடந்தது. 1957-இல் குயிதிஸோலோ அருகே அல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோவின் ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்த விபத்தோடு அது முடிந்துபோனது. இப்போது அதே பெயரில் நடப்பது வேகப் போட்டி அல்ல, நேரக் கணக்கு தவறாமல் ஓட்டும் ரெகுலாரிட்டி. அதில் நுழைய வேண்டுமானால் அந்த 24 பந்தயங்களில் ஒன்றிலாவது பங்கெடுத்த மாடலாக இருக்க வேண்டும். 1954-இல் வந்த ஜூலியெட்டா ஸ்ப்ரிண்ட் அங்கே ஓடியிருக்கிறது. ஆனால் 1963-இல் வந்த ஜூலியா ஸ்ப்ரிண்ட் ஜிடியை எவ்வளவு அழகாகப் பராமரித்திருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. பெயரில் ஒரு எழுத்துக்கூட்டம்தான் வித்தியாசம் என்பதால் புதியவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தின் குட்வுட் ரிவைவல், அந்தத் தடம் பந்தயத்துக்குத் திறந்திருந்த 1948 முதல் 1966 வரையிலான காலத்தைச் சேர்ந்த கார்களுக்கானது. அதிலும் அழைப்பு வந்தால்தான் போக முடியும். பிரான்ஸில் 2002-இல் தொடங்கிய லெ மான் கிளாசிக், அந்த 24 மணி நேரப் பந்தயத்தின் வரலாற்றோடு தொடர்புள்ள மாடல்களைக் காலவாரியாகப் பிரித்து ஓட விடுகிறது, எஃப்ஐஏ காகிதமும் கேட்கிறது. ஐரோப்பாவில் நடக்கும் தடப் பந்தயத் தொடர்களில் பலவும் அப்பெண்டிக்ஸ் கே-யைத்தான் அடித்தளமாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கிளப்புகள்தான் ராஜா, ஒவ்வொன்றும் தன் விதிப் புத்தகத்தையும் தன் வகுப்புகளையும் வைத்திருக்கிறது. ஒரு கிளப்பில் சேர்த்துக்கொண்ட காரை இன்னொரு கிளப் வேண்டாம் என்று சொல்லலாம்.

எனவே ஓட விரும்பும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றின் விதிப் புத்தகத்தை இறக்கிப் படியுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முழுதாகப் படித்தவர்களுக்குப் பின்னால் வரும் செலவு பாதியாகிவிடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

காலத்துக்கு ஒரு எழுத்து

எஃப்ஐஏ காலத்தை எழுத்துகளால் பிரிக்கிறது. சாலைக் கார்களிலிருந்து வந்த பந்தயக் கார்களுக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவ்வளவுதான்: 1947 முதல் 1961 வரை இ, 1962 முதல் 1965 வரை எஃப், 1966 முதல் 1969 வரை ஜி1, 1970-71 ஜி2, 1972 முதல் 1975 வரை ஹெச்1, 1976 மட்டும் ஹெச்2, 1977 முதல் 1981 வரை ஐ. அதற்கு முன்னும் பின்னும் எழுத்துகள் உண்டு. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், இப்போதைக்கு அதை விடுங்கள்.

இதில் 1965 டிசம்பர் 31 ஒரு பெரிய கோடு. அதற்கு முந்தைய அமைப்புள்ள கார்களுக்கென்று தனிப் பந்தயங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் எஃப் காலத்துக்குள் நிற்கும் கார்களுக்குக் கிராக்கி அதிகம், விலையும் அதிகம். விற்பவர் "ப்ரீ சிக்ஸ்டி சிக்ஸ்" என்று அழுத்திச் சொன்னால் அந்தக் கோட்டைத்தான் சொல்கிறார். அப்படிச் சொல்வதற்கு அவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்பது உங்கள் வேலை.

ஹோமொலோகேஷன் படிவம்தான் உங்கள் வேதம்

அந்தக் காலத்தில் ஒரு கார் கம்பெனி தன் காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்துவிட்டோம் என்று காட்டி, அதன் அளவுகள் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதி எஃப்ஐஏ-விடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதலுக்குத்தான் ஹோமொலோகேஷன் என்று பெயர். 1966-இல் வந்த விதிப்படி, தொடர்ச்சியான 12 மாதங்களில் குரூப் 1 என்ற வகுப்புக்கு 5000 கார், குரூப் 2-க்கு 1000, குரூப் 3-க்கு 500, குரூப் 4-க்கு 50. அதற்கு முன்பு ஜிடி வகுப்புக்கு, அதாவது வேகமான சாலைக் கார்களின் வகுப்புக்கு, 100 கார் போதும்.

அந்த நூறு என்ற எண் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஃபெராரி 250 எல்எம் கதையே போதும். என்ஸோ ஃபெராரி அதை ஜிடி கார் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார், எஃப்ஐஏ நூறு கார் எங்கே என்று கேட்டது. மொத்தமே 32-தான் செய்தார்கள். தன் நாட்டு மோட்டார் கிளப் தனக்காகப் பேசவில்லை என்று கோபப்பட்டு, தன் பந்தய உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். 1964-இன் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஃபெராரி கார்கள் இத்தாலியின் பந்தய நிறமான சிவப்பில் இல்லாமல், அமெரிக்காவின் நீல வெள்ளையில் ஓடின. அந்த நிறத்தில்தான் ஜான் சர்ட்டீஸ் உலகச் சாம்பியன் ஆனார். 250 எல்எம் வேறு வழியில்லாமல், இத்தனை கார் செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லாத புரோட்டோடைப் வகுப்பில் ஓடி, 1965-இல் மாஸ்டன் கிரெகரியும் யோகன் ரிண்ட்டும் ஓட்ட லெ மானையே வென்றது. அன்றைக்கு எந்த வகுப்பில் ஓடியதோ அதுதான் இன்றைக்கும் அந்தக் காரின் சாதி. "பார்த்தால் ஜிடி மாதிரிதானே இருக்கிறது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. ஆல்ஃபாவின் ஜிடிஏ-வுக்குப் பெயரிலேயே ஜிடி இருக்கிறது, ஆனால் அது புகழ் பெற்றது டூரிங் கார் வகுப்பில், அதாவது சாதாரணச் சாலைக் கார்களிலிருந்து வந்த பந்தயக் கார்களின் வகுப்பில். 1966-இல் ஆந்திரேயா தெ ஆதமிச் அந்தக் காரில்தான் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப் வென்றார். பெயரைப் பார்த்து ஜிடி பந்தயத்துக்கு விண்ணப்பம் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, படிவத்தை எங்கே தேடுவது? எஃப்ஐஏ பழைய படிவங்களை இணையத்தில் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. கம்பெனிப் பெயர், மாடல் போட்டுத் தேடினால் படிவ எண் கிடைக்கும். நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்புகளிடமும் நகல் கேட்கலாம். முதல் பக்கத்தில் காரின் புகைப்படம், படிவ எண், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற விவரம் இருக்கும். உள்ளே வீல்பேஸ் (முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையிலான நீளம்), டிராக் அகலம் (இடது வலது சக்கரங்களுக்கு நடுவிலான தூரம்), போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வால்வு அளவு, கார்புரேட்டர் வகை, கியர் விகிதங்கள், குறைந்தபட்ச எடை எல்லாம் வரிசையாக வரும்.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது பின்னால் ஒட்டியிருக்கும் கூடுதல் பக்கங்களை. கம்பெனி ஒவ்வொரு முறை புதிய பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும்போதும் ஒரு தாள் சேரும், ஒவ்வொரு தாளுக்கும் தனித் தேதி உண்டு. 1967-இல் சேர்ந்த பாகத்தை மாட்டிக்கொண்டு எஃப் காலத்தில் ஓட முடியாது, அடிப்படைப் படிவம் 1964-ஆக இருந்தாலும் சரி. ஒவ்வொரு தாளின் தேதியையும் பென்சிலால் வட்டமிட்டு, உங்கள் காலத்துக்குப் பிந்தையதையெல்லாம் தனியே எடுத்து வையுங்கள். மீதி இருக்கும் தாள்கள்தான் உங்கள் கார்.

படிவத்தில் இல்லாத ஒரு மாற்றம் காரில் இருந்தால்? அந்தந்த வருஷத்துப் பந்தய விதி எதையெல்லாம் மாற்ற விட்டதோ அது செல்லும். அதற்கும் வெளியே என்றால், அந்தக் காலத்துச் சர்வதேசப் பந்தயத்தில் அந்த மாடலில் அது இருந்தது என்று புகைப்படமோ அன்றைய பத்திரிகைக் கட்டுரையோ காட்ட வேண்டியிருக்கும். எழுபதுகளில் யாரோ மலையேற்றப் பந்தயத்துக்காகச் செய்த மாற்றம், எவ்வளவு பழையதாக இருந்தாலும், அறுபதுகளின் அமைப்புக்குச் சாட்சி ஆகாது.

இப்போது காரிடம் போகலாம்

படிவத்தின் நகல், டார்ச், காந்தம், அளவு நாடா, நல்ல கேமரா உள்ள போன், அழுக்குத் துணி. இவ்வளவும் கையில் இருக்கட்டும். உதாரணத்துக்கு ஜூலியா ஸ்ப்ரிண்ட் ஜிடி குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். பந்தயத்துக்கு வரும் இத்தாலியக் கார்களில் அதிகம் கண்ணில் படுவது அதுதான், அதிகம் மாற்றி ஒட்டப்பட்டதும் அதுதான்.

பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்புத் தகட்டைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் அங்கேதான் அடித்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா, இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா, நம்பரைச் சுற்றி ஒரு சதுரக் கோடு வெல்டிங் தடம்போல ஓடுகிறதா, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். வெல்டிங் தடம் தெரிந்தால் வேறொரு காரிலிருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டியிருக்கலாம். சந்தேகம் வந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பக்கத்திலேயே மாடல் எண் பொறித்த தகடு இருக்கும். ஸ்ப்ரிண்ட் ஜிடி என்றால் 105.02, ஜிடி வெலோச்சே 105.36, ஜிடிஏ 105.32, 1750 ஜிடிவி 105.44, 2000 ஜிடிவி 105.21. தகட்டைக் கழற்றி மாட்டுவது சுலபம், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தகடு, அடித்த நம்பர், பதிவுக் காகிதம் மூன்றும் ஒரே கதை சொல்கின்றனவா என்று பாருங்கள்.

விற்பவர் அதை ஜிடிஏ என்று சொன்னால் காந்தத்தை வெளியே எடுங்கள். ஜிடிஏ-வின் கடைசி எழுத்து அல்லெஜெரிதா, அதாவது எடை குறைத்தது. சாதாரண ஸ்ப்ரிண்ட் ஜிடி 950 கிலோ, ஜிடிஏ 745 கிலோ. வெளிப்புறத் தகடுகள் அலுமினியக் கலவை, உள் கூடு இரும்பு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் வெளிப்பக்கத்தில் வையுங்கள், அலுமினியத்தில் ஒட்டாமல் வழுக்கி விழும். ஆனால் தடிமனாகப் பட்டி பூசிய இரும்புக் கதவிலும் காந்தம் ஒட்டாது. அதனால் கதவின் கீழ் விளிம்பில், பட்டி பூச முடியாத மடிப்பில், இன்னொரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சட்டென்று இழுத்தால் அது இரும்புதான். கூரை, பானெட், டிக்கி மூடி, நான்கு மட்கார்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விபத்தில் அடிபட்டு ஒரு பலகை இரும்பாக மாறியிருந்தால் அதற்காகவே காரை ஒதுக்க வேண்டியதில்லை. எல்லாமே இரும்பு என்றால் உங்கள் முன்னால் நிற்பது ஜிடிஏ அல்ல. இன்ஜினிலும் பார்க்கலாம்: ஜிடிஏ-வில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் எட்டு. ஆனால் ஹெட்டை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பதால் எட்டு பிளக்கைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம்.

அடுத்தது இன்ஜின் கொள்ளளவு. ஸ்ப்ரிண்ட் ஜிடியின் போர் 78 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 82, கணக்குப் போட்டால் 1570 சிசி. 1600 வகுப்புக்குள் உங்களுக்கு மிச்சம் இருப்பது 30 சிசிதான். பழைய இன்ஜினைப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கிற வேலை. யாராவது 80 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டிருந்தால் அது ஏறக்குறைய 1649 சிசி, வகுப்பு தாண்டிப் போய்விட்டது. இரண்டே மில்லிமீட்டர்! அதனால் கடைசியாக இன்ஜினைப் பிரித்தவரின் பில்லைக் கேளுங்கள், அதில் பிஸ்டன் அளவு இருக்க வேண்டும். பில் இல்லையென்றால், ஹெட்டைக் கழற்றி அளந்து பார்க்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். பிளாக்கே மாறியிருக்கவும் கூடும்: 1750-இன் ஸ்ட்ரோக்கும் 2000-இன் ஸ்ட்ரோக்கும் 88.5 மில்லிமீட்டர், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குடும்ப முகம். பிளாக்கில் பொறித்த இன்ஜின் எண்ணின் முன் பகுதி வகையைச் சொல்லும், ஸ்ப்ரிண்ட் ஜிடியின் 1600-க்கு 00502, 1750-க்கு 00548, 2000-க்கு 00512 என்று.

பிரேக்கில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் ஆரம்பக் கார்களில் டன்லப் டிஸ்க் பிரேக், பிந்தைய கார்களில் ஏடிஇ என்ற வேறு கம்பெனியின் பிரேக். டன்லப்புக்கு உதிரிப் பாகம் தேடுவது சிரமம் என்று பல கார்களில் ஏடிஇ-யை மாட்டிவிட்டார்கள். சாலையில் ஓட்ட அது நல்ல மாற்றம்தான், ஆனால் உங்கள் காலத்துப் படிவத் தாள்களில் டன்லப் மட்டும் எழுதியிருந்தால் கார் நிராகரிக்கப்படும். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே தலையை நீட்டிப் பாருங்கள், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரிலேயே பெயர் வார்த்திருக்கும். சக்கரத்தையும் அப்படியே அளந்துவிடுங்கள். ஸ்ப்ரிண்ட் ஜிடி 15 அங்குலச் சக்கரத்தோடு வந்தது, 1750-இலிருந்து 14.

பின் அச்சின் விகிதத்தைப் பிரிக்காமலே பார்க்கலாம். பின் சக்கரம் இரண்டையும் தரையை விட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே திசையில் சரியாக ஒரு சுற்றுச் சுற்றினால், ஸ்ப்ரிண்ட் ஜிடியின் 9/41 விகிதத்துக்கு அந்தக் கோடு நான்கரைச் சுற்றுக்குச் சற்று மேல் போகும். நான்கைத் தாண்டியதும் நின்றுவிட்டால் உள்ளே இருப்பது 2000-இன் 10/41. கீழே படுத்து எண்ண ஒருவர், சக்கரம் சுற்ற இரண்டு பேர் வேண்டும், ஸ்டாண்ட் போடாமல் அடியில் படுக்கவே கூடாது.

வீல்பேஸ் அளப்பது ஐந்து நிமிட வேலை. இந்தக் காருக்கு 2350 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் கணிசமாக மாறினால் கார் பலமாக அடிபட்டு டிங்கர் வேலை பார்த்தது என்று அர்த்தம்.

காகிதங்களில் எது எதற்குச் சாட்சி

இத்தாலியக் கார்களில் ஒரு நல்ல விஷயம், பிறப்பு விவரம் பெரும்பாலும் கிடைக்கும். ஆல்ஃபா, ஃபியட், லான்சியா கார்களுக்கு அந்தக் கம்பெனிகளின் பாரம்பரியப் பிரிவு, ஆவணக் காப்பகத்தைப் பார்த்துத் தயாரிப்புத் தேதி, அசல் நிறம் போன்றவற்றைச் சொல்லும் பிறப்புச் சான்று தருகிறது. ஃபெராரிக்கு மரனெல்லோவில் ஃபெராரி கிளாசிகே இருக்கிறது. இத்தாலியிலேயே இருந்த கார் என்றால், 1927 முதல் இயங்கும் பொது வாகனப் பதிவேடான பிஆர்ஏ-விலிருந்து சொந்தக்காரர்களின் வரிசையைக் காலவாரியாக எடுக்கலாம். காரின் வாழ்க்கையில் பத்து வருஷம் காணாமல் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் காகிதங்கள் எதுவும் பந்தய அனுமதி அல்ல. இத்தாலியின் ஏஎஸ்ஐ சான்றிதழும் உலகப் பழங்கார் அமைப்பான ஃபிவாவின் அடையாள அட்டையும் அப்படித்தான். பாரம்பரிய ஊர்வலத்துக்கும் ரெகுலாரிட்டிக்கும் அவை உதவும், வேகப் பந்தயத்துக்கு எஃப்ஐஏ-வின் ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட் வேண்டும். சுருக்கமாக ஹெச்டிபி.

ஹெச்டிபி என்பது காரின் அமைப்பைப் புகைப்படத்தோடு பாகம் பாகமாகப் பதிவு செய்த ஆவணம். 10 வருஷம் செல்லும். அது காரின் அசல்தன்மைக்குச் சான்று அல்ல என்று எஃப்ஐஏ-வே தெளிவாகச் சொல்கிறது. இந்த அமைப்பு இந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஜிடிஏ என்று சொல்லி விற்கிறவர் ஹெச்டிபியைக் காட்டினால், அது "இது உண்மையான ஜிடிஏ" என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது.

நான் ஒருமுறை நண்பர் ஒருவருக்காக ஒரு ஸ்ப்ரிண்ட் ஜிடியைப் பார்க்கப் போனேன். ஹெச்டிபி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விற்றவர் நல்ல விலை சொன்னார். பாஸ்போர்ட் உண்மையானது, சேசிஸ் நம்பரும் பொருந்தியது. நண்பருக்குக் கை துறுதுறுத்தது. நான் பாஸ்போர்ட்டின் புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காரின் பக்கத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன். முன் காலிப்பர் படத்தில் டன்லப், காரில் ஏடிஇ. கார்புரேட்டர் படத்தில் வெபர், காரில் டெலோர்ட்டோ. பாஸ்போர்ட் வாங்கிய பிறகு யாரோ இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள், கழற்றிய பாகங்கள் எங்கே என்று விற்றவருக்கே தெரியவில்லை. அதோடு பாஸ்போர்ட் முடிய சில மாதங்களே இருந்தன. அந்தக் காகிதத்துக்கென்று கேட்ட கூடுதல் விலையை நாங்கள் கொடுக்கவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். நண்பர் வழியெல்லாம் பேசவே இல்லை. எனக்கும் வருத்தம்தான், அவ்வளவு அழகான கார் அது.

பாஸ்போர்ட் இல்லாத காருக்கு வாங்குவது

உங்கள் நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் ஏசிஐ, ஜெர்மனியில் டிஎம்எஸ்பி, இங்கிலாந்தில் மோட்டார்ஸ்போர்ட் யுகே. விண்ணப்பப் படிவம் நீளமானது, ஒவ்வொரு பாகத்துக்கும் அளவும் வகையும் எழுதி, ஹோமொலோகேஷன் படிவத்தின் நகலையும் ஆதாரங்களையும் இணைக்க வேண்டும். அப்புறம் ஆய்வாளர் ஒருவர் வந்து காரை நேரில் பார்ப்பார். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். விண்ணப்பம் போடும் முன்பே அழைத்துச் சந்தேகங்களைக் கேளுங்கள். பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பூட்டி முடித்த பிறகு "இந்த கார்புரேட்டர் செல்லாது" என்று கேட்பதைவிட, பாகங்கள் மேஜை மேல் கிடக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. காரைப் பிரித்திருக்கும்போதே புகைப்படமும் எடுத்துவிடுங்கள், பிறகு பிஸ்டனைப் படமெடுக்க யாரும் இன்ஜினைத் திறக்க மாட்டார்கள்.

பந்தய சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது விண்ணப்பித்துவிட்டுத் தவிக்க வேண்டாம். குளிர்காலத் தொடக்கத்திலேயே காகிதம் போய்ச் சேரட்டும்.

பாதுகாப்புச் சாமான்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஊகத்துக்கு இடமில்லை, விதியில் எழுதியபடி செய்தால் போதும். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு), பெல்ட், இருக்கை, தீயணைப்பான், கழுத்துப் பாதுகாப்புக் கருவி, மின்சாரத்தை முழுதாக நிறுத்தும் வெளி சுவிட்ச். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் போட்ட ஸ்டிக்கர் அந்த சுவிட்சுக்கு, வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பில் ஆங்கில ஈ எழுத்து தீயணைப்பானுக்கு. பெல்ட்டுக்கும் இருக்கைக்கும் காலாவதித் தேதி உண்டு, விற்பவர் "புதுசு மாதிரி இருக்கிறது" என்பார், நீங்கள் லேபிளைப் படியுங்கள். டயருக்கும் காலவாரியான கட்டுப்பாடு உண்டு, எந்த வகை என்று பந்தயத்தின் விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு

வந்த அன்றே முழுதையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அசலை மழை படாத உறையில் போட்டு, பந்தயத்துக்கு எடுத்துப் போகும் பெட்டியிலேயே வைத்துவிடலாம், பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் அதைக் கேட்பார்கள். ஹோமொலோகேஷன் படிவத்தின் நகலும் கூடவே இருக்கட்டும், ஏதாவது ஒரு பாகத்தின் மேல் கேள்வி வந்தால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். மெக்கானிக்கிடம் ஒரு நகல் கொடுத்து, இதில் உள்ள படத்துக்கு மாறான பாகம் எதையும் என்னைக் கேட்காமல் மாட்டாதே என்று சொல்லிவையுங்கள். ஏதாவது மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், பாஸ்போர்ட் கொடுத்த அமைப்புக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். கழற்றிய அசல் பாகத்தை வெளியே போடாமல், எண்ணெய் தடவி, காரின் சேசிஸ் நம்பரை எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். காரை என்றைக்காவது விற்றால் அந்தப் பெட்டியும் காரோடு போகட்டும்.